பிரகான்தே வழக்கு: குடியேறியவரின் உச்சரிப்பும் உரிமையும்

பிரகான்தே வழக்கு என்பது, பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் குடியேறிய மானுவல் பிரகான்தே என்பவர், தமது ஆங்கில உச்சரிப்பைக் காரணமாகக் கூறி எழுத்தர் வேலை மறுக்கப்பட்டதை எதிர்த்து ஹொனலுலு நகர நிர்வாகத்தின் மீது தொடுத்த வழக்காகும். எழுத்துத் தேர்வு எழுதிய 721 பேரில் அவர் முதலிடம் பெற்றிருந்தார். நேர்காணலுக்குப் பின் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது.

குடியேறியவர் ஒருவர் புதிய நாட்டின் மொழியை இலக்கணப் பிழையின்றிப் பேசியும், அந்த மொழிக்கு உரியவராக ஏற்கப்படாமல் போவதற்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. ஒருவர் பேசுவது புரியவில்லை என்றால் அது பேசுபவரின் குறையா, கேட்பவரின் குறையா என்ற கேள்வியைச் சட்டத்துறையினரும் மொழியியலாளரும் இவ்வழக்கை முன்வைத்து விரிவாக விவாதித்துள்ளனர்.

உச்சரிப்புச் சாயல்

ஒருவர் ஒரு மொழியைப் பேசும்போது அவருடைய ஊர், சமூகம், தாய்மொழி ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும் ஒலிப்பு முறையே உச்சரிப்புச் சாயல் எனப்படும். பேச்சுவழக்கில் இதனை ‘வாடை’ என்பர். கோவைக்காரர், நாகர்கோவில்காரர், யாழ்ப்பாணத்தவர் ஆகியோர் பேசும் தமிழை நாலு சொல் கேட்டதுமே பலரும் அடையாளம் கண்டுகொள்வர். மலையாள வாடை, தெலுங்கு வாடை என்று பிறமொழியாளர் பேசும் தமிழையும் பிரித்தறிவர்.

சாயல் இல்லாத பேச்சு உலகில் எந்த மொழியிலும் இல்லை. செல்வாக்குள்ள ஒரு வட்டாரத்தின் அல்லது வகுப்பின் சாயல் பொது அளவுகோலாக நிலைபெறும்போது அது சாயலாகவே தோன்றாமல் போகிறது. மற்றவர்கள் மட்டுமே ‘வாடையோடு’ பேசுவதாக எண்ணப்படுகின்றனர். இலக்கணமும் சொல்வளமும் படித்து அடையக்கூடியவை. சாயல் இளம் வயதிலேயே நாவிலும் செவியிலும் படிந்துவிடுவது. ஆகவே வயது வந்தபின் குடிபெயர்ந்தவரிடம் முதலிரண்டையும் எதிர்பார்ப்பதற்கும் மூன்றாவதை எதிர்பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பிலிப்பைன்ஸில் ஆங்கிலம்

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ், 1898-இல் அமெரிக்காவின் கைக்கு மாறி 1946-இல் விடுதலை பெற்றது. 1901-இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவுக்கு வந்திறங்கினர். பொதுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக வைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே வகுப்பறைகள் உள்நாட்டு ஆசிரியர்களின் பொறுப்புக்கு வந்தன. எனவே பெரும்பாலான பிள்ளைகள் தம் நாட்டவரின் வாயிலிருந்தே ஆங்கிலத்தைக் கற்றனர். இவ்வாறு உருவான பிலிப்பைன்ஸ் ஆங்கிலம், இந்திய ஆங்கிலத்தைப் போலத் தனக்கென ஒலிப்பு மரபு உடைய ஒரு வகையாக நிலைபெற்றது. 1987-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமும் பிலிப்பினோ மொழியுடன் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக ஏற்றது.

பிலிப்பைன்ஸ் மொழிகள் பலவற்றில் ‘எஃப்’, ‘வி’ ஆகிய ஒலிகள் இயல்பாக இல்லை. அதனால் முன்னது பகரமாகவும், பின்னது ‘பாபு’ என்ற பெயரில் வரும் பகரமாகவும் ஒலிப்பதுண்டு. அம்மக்கள் தம் நாட்டின் பெயரையே ‘பிலிப்பினாஸ்’ என்று பகரத்தில்தான் சொல்கின்றனர். தமிழிலும் இதே நிலை உண்டு. ஆங்கிலத்தில் ‘எஃப்’ ஒலியுடன் வரும் சொல் தமிழில் ‘காபி’ ஆனதும், அந்நாட்டின் பெயர் தமிழில் ‘பிலிப்பைன்ஸ்’ என்று எழுதப்படுவதும் இதனால்தான். அழுத்த முறையும் வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் ஓர் அசை அழுத்தம் பெற, மற்ற அசைகள் தேய்ந்து ஒலிக்கும். பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்தில் அசைகள் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கும். இந்திய ஆங்கிலம் பற்றியும் இதையே கூறுவர்.

ஹவாயில் பிலிப்பைன்ஸ் மக்கள்

ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு 1906-இல் 15 பேர் கொண்ட முதல் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் குழு வந்தது. சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர் முதலியோருக்குப் பின் வந்தவர்கள் என்பதால் தோட்டங்களில் இவர்கள் கடைசிப் படியிலேயே வைக்கப்பட்டனர். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவுக்கான பிலிப்பைன்ஸ் குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கியது. தொழிலாளர் தேவைப்படும்போது ஹவாய்க்கு மட்டும் விலக்கு அளிக்கவும் அதில் இடம் வைக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாடுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்த பின்னரே படித்தவர்களும் குடும்பங்களும் பெருமளவில் வரத் தொடங்கினர்.

பல நாட்டுத் தொழிலாளர்கள் ஒன்றுகூடிய தோட்டங்களில், ஆங்கிலச் சொற்களை அடிப்படையாகக் கொண்டு ‘பிட்ஜின்’ என்று அழைக்கப்படும் ஒரு கலப்பு மொழி வளர்ந்தது. பின்னர் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழியாயிற்று. பேச்சை வைத்து ஆளை நிறுக்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. 1924 முதல் ஹவாயில் ‘ஆங்கிலத் தரப் பள்ளிகள்’ என்ற தனிவகை அரசுப் பள்ளிகள் நடத்தப்பட்டன. வாய்மொழி ஆங்கிலத் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கே அவற்றில் இடம் கிடைத்தது. இனத்தைக் குறிப்பிடாமலேயே இனவாரியாகப் பிரிப்பதற்கு இத்தேர்வு உதவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பள்ளிகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

பிலிப்பைன்ஸ் உச்சரிப்பு ஹவாயின் மேடை நகைச்சுவையில் நெடுங்காலமாகக் கேலிப் பொருளாக இருந்துவந்தது. பழைய தமிழ்த் திரைப்படங்களில் வட்டிக்கடைச் சேட்டு பேசும் ‘நம்பள்கி, நிம்பள்கி’ தமிழை இதற்கு ஒப்பிடலாம். சிரிப்புக்குரியது என்று ஒருமுறை காது பழகிவிட்ட சாயலில் ஒருவர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ பேசும்போது, அந்தப் பழக்கம் கேட்பவரை விட்டுவிடுவதில்லை.

தேர்வும் நேர்காணலும்

பிரகான்தே 1981 ஏப்ரலில், தமது அறுபதாவது வயதில் ஹவாயில் குடியேறினார். அமெரிக்க ஆட்சிக்காலப் பிலிப்பைன்ஸில் பிறந்து, கல்லூரிக் கல்வி பெற்று, இராணுவத்தில் பணியாற்றியவர். அதே ஆண்டு நவம்பரில், செய்தித்தாள் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, ஹொனலுலுவின் மோட்டார் வாகன உரிமப் பிரிவில் தொடக்கநிலை எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். கோப்புகளைப் பராமரித்தல், அஞ்சல்களைக் கவனித்தல், பணம் பெறுதல், தொலைபேசியிலும் விசாரணை முகப்பிலும் பொதுமக்களுக்கு வழக்கமான தகவல்களைத் தெரிவித்தல் ஆகியவை அப்பணியின் கடமைகள்.

சொற்பயன்பாடு, இலக்கணம், எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைச் சோதித்த எழுத்துத் தேர்வில் அவரே முதலாவதாக வந்தார். காலியாக இருந்த இரண்டு இடங்களுக்கான தகுதிப் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. அடுத்து அப்பிரிவின் அலுவலர்கள் இருவர் அவரை நேர்காணல் செய்தனர். உச்சரிப்புச் சாயல் மிகுதியாக இருப்பதாகவும், பேச்சைப் புரிந்துகொள்வது கடினமாக இருப்பதாகவும் இருவரும் குறிப்பு எழுதினர். முகப்பிலும் தொலைபேசியிலும் அவர் பேசுவது மக்களுக்குப் புரியாது என்பது அவர்கள் முடிவு. பட்டியலில் அவர் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார், இடங்கள் இரண்டே.

1982 ஏப்ரலில் அவருக்குக் காரணம் தெரிவித்துக் கடிதம் வந்தது. அவருடைய கல்வியும் அனுபவமும் சிறப்பானவை என்றும், தேர்வு செய்யப்பட்ட இருவரும் பேச்சுத் திறனில் மேம்பட்டவர்கள் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது.

சட்டப் பின்னணி

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சமத்துவச் சட்டத்தின் ஏழாம் பகுதி, இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. உச்சரிப்பு அப்பட்டியலில் இல்லை. ஆயினும் ஒருவருடைய சாயல் அவர் பிறந்த நாட்டிலிருந்து பிரிக்க முடியாதது. 1980-இல் சம வேலைவாய்ப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாட்டினத்துக்கு உரிய மொழிக் கூறுகளை வைத்துக் காட்டும் பாகுபாடும் பூர்வீக நாட்டு அடிப்படையிலான பாகுபாடே என்று விளக்கியது.

ஆனால், வேலைக்குப் பேச்சுத் திறன் உண்மையிலேயே தேவை என்றால் அதைச் சோதிக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதே வழக்கின் மையமாக இருந்தது.

விசாரணையும் தீர்ப்பும்

ஹவாயின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் பிரகான்தே ஆங்கிலத்திலேயே சாட்சியம் அளித்தார். தம் வழக்கறிஞரின் கேள்விகளுக்கும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார். இலக்கண ஒழுங்கைப் பொறுத்தவரை அந்த அறையில் இருந்த மற்ற எவரையும்விட அவருடைய ஆங்கிலமே செம்மையாக இருந்தது என்று விசாரணையைக் கவனித்த மொழியியலாளர் கருதினார். பிலிப்பைன்ஸ் மக்கள் ஹவாயில் நெடுங்காலமாகத் தாழ்வாக நடத்தப்பட்டதால், அவர்கள் வாய் திறந்ததுமே காதை மூடிக்கொள்ளும் மனநிலை கேட்பவர்களிடம் உருவாகியிருக்கிறது என்றும் அவர் தரப்பில் வாதிடப்பட்டது.

மாவட்ட நீதிமன்றம் 1987-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய உச்சரிப்பு புரிந்துகொள்ளக் கடினமானது என்பதை அது ஏற்றுக்கொண்டது. 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. அத்தீர்ப்பில் இரண்டு கருத்துகள் அருகருகே அமைந்துள்ளன.

முதலாவது, உச்சரிப்பும் பூர்வீக நாடும் பின்னிப் பிணைந்தவை என்ற ஒப்புதல். உண்மையில் நாட்டை வெறுக்கும் முதலாளி, ‘பேச்சுத் திறன் போதவில்லை’ என்று சொல்லி எளிதில் தப்பிவிடக்கூடும். எனவே இத்தகைய காரணங்களைக் கீழ் நீதிமன்றங்கள் துருவி ஆராய வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. இரண்டாவது, உச்சரிப்பு பணியைக் கணிசமாகப் பாதிக்கும்போது மட்டும் அதை அடிப்படையாகக் கொண்டு வேலை மறுக்கலாம் என்ற விதி. பொதுமக்களிடம் இடைவிடாது பேச வேண்டிய பணி என்பதாலும், நேர்காணல் செய்தவர்களிடம் பாகுபாட்டு எண்ணம் இருந்ததற்குச் சான்று இல்லை என்பதாலும் பிரகான்தேயின் கோரிக்கை தள்ளுபடியானது.

தீர்ப்பின் மீதான விமரிசனம்

சட்ட அறிஞர் மாரி மட்சுடா 1991-இல் யேல் சட்ட இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, இவ்வழக்கைப் பரவலாக அறியச் செய்தது. நீதிமன்றம் சொன்ன விதியைவிட, அதைப் பொருத்திய முறையே அவருடைய விமரிசனத்துக்கு இலக்காயிற்று. துருவி ஆராய வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், இரண்டு அலுவலர்களின் சொந்த அபிப்பிராயத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. நேர்காணலில் பேச்சை மதிப்பிட வரையறுத்த அளவுகோல் எதுவும் இல்லை. முகப்புக்கு வரும் மக்களுக்கு அவர் பேச்சு புரிகிறதா என்பதும் நடைமுறையில் சோதிக்கப்படவில்லை. ஹொனலுலுவில் அந்த முகப்புக்கு வரும் மக்களில் பிலிப்பைன்ஸ் நாட்டவரும், வேறு பல சாயல்களில் பேசுபவர்களும் ஏராளம்.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் எழுப்ப வேண்டியவை என நான்கு கேள்விகளை அவர் முன்வைத்தார்:

1. அந்தப் பணிக்கு எந்த அளவுக்குப் பேச்சுத் தொடர்பு தேவை? 
2. விண்ணப்பித்தவரின் பேச்சு நேர்மையாக மதிப்பிடப்பட்டதா? 
3. முன்முடிவு இல்லாமல் கேட்கும் மக்களுக்கு, பணி தடைபடாத அளவுக்கு அது புரிகிறதா? 
4. சிறு குறை இருந்தால் அதைச் சரிக்கட்ட நியாயமான ஏற்பாடு எதுவும் செய்ய முடியுமா?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. முன்முடிவோடு கேட்பவருக்குப் புரியவில்லை என்பது பேசுபவருக்கு எதிரான சான்றாகிவிடக் கூடாது என்பதே அதன் உட்பொருள். வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி ஓர் இனத்தவரை வேலையிலிருந்து விலக்க அச்சட்டம் இடம் தராது. வாடிக்கையாளரின் காதுக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் ஏன் இடம் தர வேண்டும் என்பது மட்சுடாவின் வாதம்.

ஒத்த வழக்குகள்

ஓக்லஹோமாவில் பல் மருத்துவ ஆய்வக மேற்பார்வையாளராக இருந்து பதவி இறக்கப்பட்ட கரீனோ என்ற பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு, 1984-இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவருடைய உச்சரிப்பு பணிக்குத் தடையாக இல்லை என்று நீதிமன்றம் கண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் கம்போடியாவிலிருந்து வந்த வங்கி ஊழியர் சியெங், சாயலைக் காரணம் காட்டிப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 1993-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இவ்விருவரும் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். அவர்கள் பணியாற்றிய விதம் சான்றாக நீதிமன்றத்தின் முன் இருந்தது. பிரகான்தேக்கு வாசலிலேயே கதவு சாத்தப்பட்டதால் அத்தகைய சான்று எதையும் அவரால் காட்ட இயலவில்லை.

மற்றொரு வழக்கு ஹவாயிலேயே எழுந்தது. அத்தீவில் பிறந்து வளர்ந்த கஹாகுவா என்பவர், வானிலைத் துறையில் அனுபவம் மிக்கவர். வானிலை அறிவிப்பை வானொலியில் வாசிக்கும் பணி, ஹவாய்ச் சாயல் காரணமாக அவருக்கு மறுக்கப்பட்டது. அவரும் 1987-இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1989-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். வேறு எந்த நாட்டிலிருந்தும் வராதவர், தம் சொந்த மண்ணின் சாயலில் பேசியதற்காகவே விலக்கப்பட்டார். ஓர் ஊரில் எந்தச் சாயல் அயலானது என்பதை, அங்கே முதலில் வாழ்ந்தவர் யார் என்பது தீர்மானிப்பதில்லை என்று இவ்வழக்கு உணர்த்துகிறது.

சாயல் ஏன் மாறுவதில்லை

பிறந்த குழந்தையின் காது எல்லா மொழிகளின் ஒலிகளையும் பகுத்தறியும் திறனோடு இருக்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இந்தியின் தகர, டகர வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்தின் ஆறேழு மாதக் குழந்தைகள் உணர்ந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அத்திறன் மங்கிவிட்டது. தமிழருக்கு ‘பத்து’, ‘பட்டு’ என்ற இரு சொற்களின் வேறுபாடு பகல்போல் தெரியும். ஆங்கிலேயர் பலருக்கு அது எளிதில் கேட்பதே இல்லை. காது பிரித்துக் கேட்காததை நாக்கு பிரித்துச் சொல்வது அரிது. வேற்றுமொழியாளர் நம் ழகரத்தில் தடுக்கி விழுவதும், தமிழரிலேயே பலர் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ ஆக்குவதும் இதனோடு எண்ணத்தக்கவை.

எழுத்தாளர் ஜோசப் கான்ராட் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. 1857-இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்த அவர், இருபது வயதுக்குப் பின்னரே ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்று, அம்மொழியின் பெரும் நாவலாசிரியர்களில் ஒருவரானார். ஆனால் இறுதிவரை அவருடைய ஆங்கிலப் பேச்சில் அயல் சாயல் அழுத்தமாக இருந்தது. எனவே சாயல் எஞ்சி நிற்பதை முயற்சிக் குறைவு என்றோ அறிவுக் குறைவு என்றோ கொள்ள முடியாது. பிரகான்தே குடியேறியபோது அவருக்கு வயது 60 என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

புரிதலில் கேட்பவரின் பங்கு

கனடாவின் மொழியியலாளர்கள் மர்ரே மன்ரோ, டிரேசி டெர்விங் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழியினர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் பலவற்றுக்குக் ‘கடும் சாயல்’ என்று மதிப்பிட்டனர். ஆனால் அதே பேச்சுகளைச் சொல் பிசகாமல் எழுதியும் காட்டினர். சாயல் மிகுதியாக இருப்பது வேறு, புரியாமல் இருப்பது வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. நேர்காணல் குறிப்புகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன.

அதற்கு முன்பே, 1992-இல் டொனால்ட் ரூபின் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பேசிய ஒரே ஒலிப்பதிவு எல்லோருக்கும் ஒலிபரப்பப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வெள்ளையினப் பெண்ணின் படமும் மற்றொரு பகுதியினருக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. ஆசிய முகத்தைப் பார்த்தவர்களில் பலர் அயல் சாயல் கேட்டதாகக் கூறினர். பாடத்தையும் அவர்கள் குறைவாகவே புரிந்துகொண்டிருந்தனர். குரலில் இல்லாத சாயலைக் கண் கொண்டுவந்து சேர்த்தது.

நம்பிக்கை தரும் முடிவும் உண்டு. பழகாத சாயலைக் கேட்பவர் மிகக் குறுகிய நேரத்திலேயே, ஒரு நிமிடத்துக்குள்கூட, அதற்குக் காதைப் பழக்கிக்கொள்கிறார் என்று கிளார்க், காரெட் ஆகியோரின் 2004-ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. அறுபது வயது நாவை மாற்ற ஆண்டுகள் போதாது. கேட்கும் காது பழகுவதற்குச் சற்று நேரமும் விருப்பமும் இருந்தால் போதும்.

அடையாளமும் ஒட்டுறவும்

உச்சரிப்பால் வரும் இழப்பு வேலையோடு முடிவதில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கப்படுபவர் நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். கூட்டங்களில் கருத்து இருந்தும் வாய் திறப்பதில்லை. வங்கி, மருத்துவமனை முதலிய இடங்களில் பிள்ளைகளைப் பேசச் சொல்கிறார். வீட்டில் பெரியவராக இருப்பவர் வெளியில் பிள்ளையின் துணையோடு நிற்க வேண்டிய நிலை, குடும்பத்தின் மரியாதை வரிசையையே மாற்றிவிடுகிறது.

சொந்தச் சமூகத்துக்குள்ளும் பிளவு உண்டாகிறது. அமெரிக்காவில் பிறந்த தலைமுறை, புதிதாக வந்தவரைக் ‘கப்பலிலிருந்து இப்போதுதான் இறங்கியவர்’ என்ற பொருள்படும் சொல்லால் கேலி செய்வதுண்டு. பெற்றோரின் சாயலிலிருந்து விலகி நிற்பது, தாம் இந்நாட்டவர் என்று காட்டும் வழியாகிறது. மறுபுறம், நாவைப் பழக்கி அமெரிக்கர்போல் பேசக் கற்றவர் பிலிப்பைன்ஸுக்குத் திரும்பும்போது, அங்கே அது பகட்டாகக் கருதப்படலாம். இங்கே வந்தேறி, அங்கே வெளிநாட்டுக்காரர் என்ற இந்த இரட்டை நிலையைப் புலம்பெயர்ந்த தமிழரும் நன்கு அறிவர். டொரொண்டோவிலோ இலண்டனிலோ வளர்ந்த பிள்ளை ஊருக்கு வந்து பேசும் தமிழைக் கேட்டுச் சுற்றத்தார் சிரிப்பதும், அதன்பின் அப்பிள்ளை தமிழே பேசாமல் போவதும் உண்டு. சாயலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர்.

ஆகவே சிலர் சாயலை மாற்ற முயல்கின்றனர். சிலர் வேலையிடத்தில் ஒரு பேச்சும் வீட்டில் ஒரு பேச்சுமாக வாழ்கின்றனர். சிலர் தம் வாழ்க்கை வரலாறாகவே அதைத் தாங்கி நிற்கின்றனர். இவற்றுள் எது சரி என்று வெளியார் சொல்வதற்கில்லை. தெரிவு அவரவருடையதாக இருக்க வேண்டும் என்பதே உரிமைவாதிகளின் நிலைப்பாடு.

பிற்கால நிலை

பிரகான்தே வழக்கில் வகுக்கப்பட்ட ‘பணியைக் கணிசமாகப் பாதித்தால் மட்டும்’ என்ற விதி, அமெரிக்காவில் உச்சரிப்பு தொடர்பான வழக்குகளில் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. முதலாளிகளுக்குச் சாதகமாகவும் ஊழியர்களுக்குச் சாதகமாகவும் அதே விதி பயன்பட்டுள்ளது. சாயல் பணியை எவ்வாறு பாதித்தது என்பதற்கு நேரடிச் சான்று கேட்கப்படும்போது, வெறும் அபிப்பிராயத்தின் மீது நிற்கும் மறுப்புகள் சரிகின்றன.

ஹவாயில் 1994-இல் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான பென் கயெட்டானோ ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க மாநிலம் ஒன்றுக்கு அவ்வம்சாவளியிலிருந்து வந்த முதல் ஆளுநர் அவரே. 21-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நிறுவனங்கள் பல, தம் வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பணியை மணிலாவுக்கும் செபுவுக்கும் அனுப்பின. உலகின் முதன்மையான அழைப்பு மையத் தளங்களில் ஒன்றாகப் பிலிப்பைன்ஸ் வளர்ந்தது. சென்னை, பெங்களூரு அழைப்பு மையங்களில் நடந்ததைப் போலவே அங்கும் இளைஞர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தொலைபேசியில் பேசினால் மக்களுக்குப் புரியாது என்று 1982-இல் ஒருவருக்கு வேலை மறுத்த அதே நாட்டின் மக்கள், இன்று வங்கிக் கணக்கு முதல் விமானப் பயணச்சீட்டு வரை அவருடைய நாட்டவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர்.